ஒட்டி வைத்த அட்டை

காலர்க்காரி வேலை பார்த்த தையல் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து, ஒரு தாளில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி ஸ்டோரில் கொடுக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் புது ஊசி. கடுகளவு குறைந்தாலும் லைன் நின்றுவிடும்; முப்பது பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடுவார்கள். சட்டைக்குள் ஊசித் துண்டு போய், காசு கொடுத்து வாங்கிப் போடுகிறவன் கழுத்தில் குத்திவிட்டால் ஆலைக்குக் கெட்ட பேர். தைக்கிறவள் விரலில் குத்தினால் அதற்குத் தாளும் கிடையாது, தேதியும் கிடையாது.

பதினெட்டு வருஷமாக அங்கே சட்டைக்குக் காலர் வைத்து வைத்து அவளுக்கு அதுவே பேராகிவிட்டது. அந்த ஊசிச் சட்டமும் அவளோடு வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது. பல்பு போனால் பழைய பல்பைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதியது வாங்குவாள். மூக்குக்கண்ணாடி உடைந்தால் சில்லைப் பொறுக்கிப் பொட்டலம் கட்டி வைப்பாள். "என் பல்லு விழுந்தாக்கூட, ஒட்டி வச்சுட்டுத்தான் புதுப் பல்லு தருவா" என்று அவள் புருஷன் லேத்துக்காரன் பட்டறையில் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்து, பொது ஆஸ்பத்திரியில் அடைத்த ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ரோஸ் கலர் மாத்திரை கொடுத்தார்கள். கூட நாலு மாத்திரை இருந்தாலும், இதைத்தான் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். காலர்க்காரி அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கினாள். காலியான மாத்திரை அட்டையை அதில் ஒட்டி, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் தேதி எழுதினாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கைப்பழக்கம், அவ்வளவுதான்.

பதினொரு மாசம் ஒட்டினாள். பன்னிரண்டாவது மாசம் லேத்துக்காரன் பட்டறையில், ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே சரிந்து விழுந்தான். மெஷினை நிறுத்திவிட்டு விழுந்தானே என்று பட்டறை முதலாளி நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்.

மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. அடைத்த ஸ்டென்டைத் திறந்துவிட்டார்கள். எட்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய டாக்டர் பின்னால் ஏழெட்டுப் பேரோடு கட்டில் கட்டிலாக வந்தார். வெளியே மூன்று நாளாக விடாத மழை. வார்டு முழுக்க ஈரத் துணியும் டெட்டாலும் கலந்த வாடை.

"மாத்திரை எத்தன நாள் விட்டீங்க?" என்றார், ஃபைலைப் பார்த்தபடி.

"ஒரு நாளும் விடல சார்."

"விடாம எப்படிம்மா ஸ்டென்ட் அடைக்கும்? அதுவும் பதினொரு மாசத்துல?"

"தெரியல சார். தினமும் என் கையாலதான் குடுத்தேன்."

"இந்த வார்டுல நாப்பது பேர் இருக்காங்க. நாப்பது பேர் வீட்டுலயும் தினமும் கையாலதான் குடுத்திருக்காங்க." பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். "படிச்சுப் படிச்சு சொல்றோம். காதுல வாங்கறதில்ல. அப்புறம் இங்க வந்து அழறது."

அவர் சிவப்புப் பேனாவில் ஒரு வரி எழுதி, அடியில் கோடும் போட்டார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர், முப்பது வயதுகூட ஆகாத பெண், அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மருந்து ஒழுங்காக உட்கொள்ளாதவர் என்பது அந்த வரி. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். காலர்க்காரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு காலர் கோணலாகப் போனதில்லை, அவளைப் பார்த்து ஒருத்தன் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகிறான்.

இதையெல்லாம் ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள் நாத்தனார்.

நாத்தனார் லேத்துக்காரனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் என்று ஒன்றைப் பண்ணிக்கொள்ளவில்லை. பட்டறைக்குப் போகிற வழியில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் லேசாக வாதம் வந்து போனதில் அவள் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருக்கும். வாய்தான் கோணல், அதிலிருந்து வருகிற சொல் நேராக வந்து குத்தும்.

வராந்தாவுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாரு. நான் சொன்னா பொறாமக்காரி, நாக்குல வெஷம்."

"நான் குடுத்தேன் அண்ணி."

"நீ ஆறே முக்காலுக்கு வேன் ஏறுற. அவன் எந்திரிக்கிறதே ஏழரைக்கு. எந்தக் கையால குடுத்த? உன் கை என்ன ரப்பரா, வேனுக்குள்ளருந்து வீட்டுக்கு நீளுமா?"

"ஆறரைக்கு எழுப்பிக் குடுத்துட்டுத்தான் போறேன். போட்டுட்டு மறுபடி படுத்துக்குவாரு."

"மாத்திரைய போட்டானா, படுக்கைய போட்டானா, யாரு கண்டா? உனக்குக் காலர் எண்ணத் தெரியும், பட்டன் எண்ணத் தெரியும். கட்டினவன் மூச்ச எண்ணத் தெரியல."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அடுத்தவர் சண்டையைவிட நல்ல தொடுகறி இல்லை. காலர்க்காரி ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினாள். சொன்னால் நாத்தனாரின் குரல் இன்னும் ஒரு மாடி ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அந்த நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பெரிய டாக்டர் வந்ததும் விரித்துக் காட்டினாள். முப்பத்து மூன்று அட்டை, குழிக்குக் குழி தேதி. அவர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"நல்லா இருக்கே. ஸ்கூல் ப்ராஜெக்டா?"

"போட்ட மாத்திரை சார். ஒவ்வொண்ணும்."

"அட்டை காலியானா மாத்திரை வயித்துக்குள்ள போச்சுன்னு அர்த்தமா? கக்கூஸ்ல போட்டாலும் அட்டை காலியாத்தான் ஆகும்." நோட்டை மூடிக் கட்டில்மேல் வைத்தார். "வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். அதே மாத்திரைதான். இனிமேலாவது ஒழுங்கா குடு."

கட்டிலில் கிடந்த லேத்துக்காரன், "நான் முழுங்கினேன் சார்" என்றான். அவன் குரல் போர்வையைத் தாண்டவில்லை.

காலர்க்காரி குழாயடியில் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது சின்ன டாக்டர் வந்து பக்கத்தில் நின்றாள். கை கழுவ வந்தவள்போல் குழாயைத் திறந்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நீங்க குடுத்தது நெசந்தானே?"

"நீங்களுமா?"

"இல்ல, நெசம்னா வேற ஒரு விஷயம் இருக்கு. அந்த மாத்திரை உள்ள போனதும் அப்படியே மருந்தா வேலை செய்யாது. ஒடம்பு அத மாத்தணும். கல்லீரல்ல அதுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் மாத்தும். சில பேருக்குப் பொறப்புலயே அது சரியா இருக்காது. அவங்க எத்தன மாத்திரை போட்டாலும் போடாத மாதிரிதான்."

காலர்க்காரி ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்து வைத்தாள். யோசித்தாள். "கட்டிங் துணி வந்து எறங்கிடுச்சு. தைக்கத்தான் லைன்ல ஆள் இல்ல. அப்படியா?"

சின்ன டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். "அதேதான்."

"அப்போ இது எத்தன பேருக்கு இப்படி?"

"நம்மள மாதிரி ஆளுங்கள்ல கொஞ்ச நஞ்சம் பேர் இல்ல. ஆனா இந்த மாத்திரைய மொதல்ல குடுத்துப் பார்த்தப்ப, நம்மள மாதிரி ஆளுங்க அதுல ரொம்பக் கம்மி. வெள்ளக்காரங்களுக்கு ஒத்துக்கிச்சு, எல்லாருக்கும் ஒத்துக்கும்னு எழுதிட்டாங்க."

"இத கண்டுபிடிக்க வழி இல்லியா?"

"ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடும். இங்க அந்த டெஸ்ட் இல்ல." ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி மினுங்க நின்ற கட்டண ஆஸ்பத்திரியைத் தாடையால் காட்டினாள். "அங்க, மாத்திரை எழுதறதுக்கு முன்னாலயே பார்த்துடுவாங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரத்தம், இந்தப் பக்கம் ஒரு ரத்தம். அந்தப் பக்கத்து ரத்தத்தைக் கேட்டுவிட்டு மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தப் பக்கத்து ரத்தத்துக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஆள் விழுந்தால் பெண்டாட்டியைக் கேட்கிறார்கள்.

வேறு மாத்திரை ஒன்று இருந்தது. உடம்பு மாற்றித் தர வேண்டியதில்லை, போனதும் வேலை செய்யும். விலை அதிகம் என்பதால் மருந்துக் குழு பார்த்து ஒப்புக்கொண்டால்தான் இங்கே இலவசமாகத் தருவார்கள். குழு வியாழக்கிழமை கூடும். தலைவர் அதே பெரிய டாக்டர். பழைய மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அடைத்தவர்களுக்கு மட்டும்தான் அது என்பது விதி.

"ஃபைல்ல அந்தச் செவப்பு வரி இருக்கற வரைக்கும் நான் பேரைக்கூட எழுத முடியாதுக்கா. போட்டாருன்னு வெளி ஆள் யாராவது சொன்னா பரவால்ல. நீங்க சொன்னா எடுபடாது." அவள் குழாயை மூடினாள். "அதே மாத்திரையோட வீட்டுக்குப் போனா, மூணாவது தடவைய அவரு தாங்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் பார்வை நேரத்தில் காலர்க்காரி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் போன பொறவு யாராச்சும் வந்து பார்த்திருக்காங்களா, நீங்க மாத்திரை போடறத? பக்கத்து வீடு, பால்காரன், யாராச்சும்?"

அவன் முட்டையையே பார்த்தான். தப்புப் பண்ணினால் அவனுக்குக் காது சிவக்கும். இப்போது சிவந்தது.

"என்னன்னு சொல்லுங்க."

"அக்கா குடுக்கும்."

"எத?"

"மாத்திரையத்தான். ஒரு நாள் கடையில நிக்கும்போது மாத்திரை போட்டியான்னு கேட்டுச்சு. நான் வேற ஏதோ யோசனையில நெனப்பில்லன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். புடிச்சுக்கிச்சு. உன் பொண்டாட்டி குடுக்க மாட்டா, அவளுக்கு வேன்தான் பெருசு, இனி நானே குடுக்கறேன்னு, அதே மாத்திரைய டீயோட கையில வச்சுச்சு. அப்புறம் தினமும்."

காலர்க்காரி முட்டையைத் தட்டில் வைத்தாள். "தினமும்னா?"

"ஒம்போது மாசம் இருக்கும்."

"அப்போ நான் குடுத்தத?"

"அதையும் போட்டேன்."

"ரெண்டையுமா?"

"உன்கிட்ட வேணாம்னா நீ கோச்சுக்குவ. அதுகிட்ட வேணாம்னா, பொண்டாட்டி பேச்சக் கேட்டுட்டு அக்கா கையத் தட்டி விடறியான்னு கேக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன பண்ணட்டும்? சின்ன மாத்திரைதானேன்னு முழுங்கிட்டேன்."

அவளுக்கு அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. வீட்டுச் சமாதானத்துக்காக வாயை மூடிக்கொள்கிற ஆம்பளையைப் பார்த்திருக்கிறாள். சமாதானத்துக்காக வாயைத் திறந்து இரண்டு மாத்திரை முழுங்கினவனை இப்போதுதான் பார்க்கிறாள். திட்டுவதற்காக மூச்சை இழுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். ஒன்று போட்டதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருந்தோம், இங்கே இரண்டு போயிருக்கிறது. இரண்டு போயும் அடைத்திருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய ஒரே வெளி ஆள், அவள் முகத்தில் விழிக்கவே பிடிக்காத நாத்தனார்.

புதன்கிழமை அரை நாள் லீவு கேட்டாள். "உன் புருஷனுக்கு உடம்புன்னா என் டார்கெட்டுக்கு யாரு காலர் வைப்பா?" என்று சூப்பர்வைசர் கேட்டான். "உங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இதற்கு முன் அவள் அப்படிப் பேசியதில்லை.

இஸ்திரிக் கடையில் மழைக்காலத்தில்தான் வேலை மும்முரம். காயாத துணியை எல்லாம் ஜனம் கொண்டுவந்து கொட்டிவிடும். நாத்தனார் கரிப்பெட்டியை ஊதி, சாம்பலைத் தட்டி, ஈரப் பள்ளிச் சட்டை ஒன்றின்மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆவியில் அவள் முகம் வேர்த்திருந்தது. காலர்க்காரியைப் பார்த்தும் பெட்டியை நிறுத்தவில்லை.

"கடை வாசல மறைக்காத. வெளிச்சம் வரல."

"ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன் அண்ணி. அவருக்கு நீங்க தினமும் மாத்திரை குடுத்தீங்களா?"

"ஆமா குடுத்தேன். நீ குடுக்கல, நான் குடுத்தேன். இப்போ அதுக்கும் சண்டைக்கு வந்துட்டியா?"

"நான் குடுக்கலன்னே வச்சுக்குங்க."

நாத்தனார் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் குடுக்கல. நான் கெட்டவ, அவர் மூச்ச எண்ணத் தெரியாதவ. எல்லாம் சரி. ஆனா நீங்க குடுத்தீங்கல்ல? ஒம்போது மாசம், உங்க கண்ணு முன்னால, டீயோட போட்டாரா இல்லியா?"

"போட்டான்."

"அப்போ ஒரு மாத்திரை உள்ள போயிருக்கு. டாக்டர் சொன்ன அளவு. அப்புறம் ஏன் அடைச்சுது?"

கதைகளில் இந்த இடத்தில் சட்டை தீய்ந்து போகும். நாத்தனார் அப்படிப்பட்டவள் அல்ல. பெட்டியை எடுத்து நிறுத்தி வைத்தாள், சட்டையை மடித்தாள், அதை ஓரமாக அடுக்கினாள். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"நான் குடுத்து அவன் விழுந்தான்னு சொல்ல வர்றியா?"

"யார் குடுத்தும் அந்த மாத்திரை அவருக்கு வேலை செய்யலன்னு சொல்ல வர்றேன். அவர் ஒடம்பு அத எடுத்துக்கல. பொறப்பே அப்படியாம். வேற மாத்திரை இருக்கு. நாளைக்குக் குழுவுல நீங்க வந்து குடுத்தேன்னு சொன்னாத்தான் அது கெடைக்கும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான் அந்த ஆளு."

"உன்ன நானே நம்பல. அவன் எதுக்கு நம்பணும்?"

"அதனாலதான் உங்கள கூப்பிடறேன். என்னப் புடிச்ச ஆள் சொன்னா எடுபடாது."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அடுத்த சட்டையை உதறினாள், விரித்தாள், தண்ணீர் தெளித்தாள்.

"ஊர் முன்னால உன்ன கொலைகாரின்னு கத்திட்டு, நாளைக்கு வந்து நானும்தான் குடுத்தேன்னு சொல்லணும். என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"மூஞ்சி உங்களுக்கு. தம்பியும் உங்களுக்குத்தான். எது வேணுமோ வச்சுக்குங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவளுக்கு ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரி மாத்திரை கடையில் சும்மா கிடைக்காது. "அந்த மாத்திரை உங்களுக்கு எங்கருந்து அண்ணி கெடைச்சுது?"

நாத்தனார் பெட்டியை எடுத்துச் சாம்பலை ஊதினாள்.

"உங்களுக்கும் அதே மாத்திரைதானே? வாதத்துக்குக் குடுத்தது?"

"எனக்கு என்னடி வந்துது. நான் இரும்பு."

"ஒம்போது மாசமா நீங்க போடலியா?"

"ஒரு மாத்திரைதான் இருக்கு ஒரு நாளைக்கு. அவன் போட்டா போதாதா?" நாத்தனார் பெட்டியைச் சட்டைமேல் வைத்து அழுத்தினாள். "போ. வெளிச்சத்த மறைக்காத."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல்மாடி அறைக்கு வெளியே காலர்க்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்கு நாத்தனார் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத புடவை. அவள் பக்கத்தில் உட்காராமல் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். டீயும் பிஸ்கட்டும் இருந்தன. சின்ன டாக்டர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பெரிய டாக்டர் கையை உயர்த்தினார்.

"சாட்சியெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இது என்ன கோர்ட்டா?"

"கோர்ட்டா இருந்தா வக்கீல் வச்சிருப்பேன்" என்றாள் நாத்தனார். "நான் அவன் அக்கா. ஒம்போது மாசம் என் கையால, என் மாத்திரைய அவனுக்குக் குடுத்தேன். என் கண்ணு முன்னால முழுங்கினான்."

"திங்கட்கிழமை இவங்க குடுக்கலன்னு வராந்தாவுல கத்தினது நீங்கதானே? எனக்கே கேட்டுது."

"கத்தினேன். இப்பவும் இவள எனக்குப் புடிக்காது. புடிக்காதுங்கறதுக்காக, உள்ள போன மாத்திரை வெளிய வந்துடுமா? இவ ஒண்ணு குடுத்திருக்கா, அந்த நோட்டு இருக்கு. நான் ஒண்ணு குடுத்திருக்கேன்."

பெரிய டாக்டர் முன்னால் சாய்ந்தார். இப்போது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "உங்க மாத்திரைய இன்னொரு ஆளுக்குக் குடுக்கறது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? ரெட்டை டோஸ். எங்கயாவது ரத்தம் கசிஞ்சு செத்திருப்பான்."

"கசியலியே."

நாத்தனார் மேஜைக்கு ஒரு அடி கிட்டே வந்தாள்.

"லேத்துல தினமும் கையக் கிழிச்சுக்குவான். சாயங்காலம் என் கடைக்கு வர்றதுக்குள்ள காஞ்சு பொருக்குத் தட்டிடும். எனக்கு அந்த மாத்திரை குடுத்த ஆரம்பத்துல சொன்னாங்க, சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் சீக்கிரம் நிக்காது, பார்த்துக்கோன்னு. இவனுக்கு ரெண்டு மாத்திரை போட்டும் நின்னுது. கையிலயும் நின்னுது, நெஞ்சுலயும் நின்னுது. அத நீங்கதான் சொல்லணும், நான் இஸ்திரி போடறவ."

மேஜைக் கோடியில் இருந்த வயதான டாக்டர், அதுவரை பிஸ்கட்டைத் தவிர எதையும் பார்க்காதவர், ஃபைலைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். பெரிய டாக்டரிடம் ஏதோ சொன்னார். பெரிய டாக்டர் பேனாவை எடுத்து அந்தச் சிவப்பு வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே புது மாத்திரையின் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலர்க்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். அவர் தலையை உயர்த்தவேயில்லை.

"சார்," என்றாள் சின்ன டாக்டர். "இது கூடப்பொறந்தவங்களுக்கும் இருக்கலாம். இவங்களுக்கும் அதே மாத்திரைதான் போகுது."

"இவங்களுக்கு வாதம் ரெண்டாவது தடவை வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ விதியில இடமில்ல. விதி நான் எழுதினதில்லம்மா." நாத்தனாரின் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஒம்போது மாசம் நீங்க ஒரு மாத்திரையும் போடல, சரிதானே?"

"சரிதான்."

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து, அவள் சீட்டில் ஒரு வரி எழுதினார். அது என்ன வரி என்று காலர்க்காரிக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை அதில் பொய்யும் இல்லை.

"பழைய மாத்திரையையே ஒழுங்கா போடுங்க. பார்ப்போம்."

"விழுந்தா பார்ப்பீங்க" என்றாள் நாத்தனார். சீட்டை வாங்கி மடித்துப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

படி இறங்கும்போது அவள் கால் ஒரு தடவை தடுமாறியது. காலர்க்காரி கையை நீட்டினாள். நாத்தனார் அதைத் தட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை லேத்துக்காரன் புது மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான். சனிக்கிழமை விடிந்து ஆறே காலுக்கு, காலர்க்காரி அவனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, வேன் நிற்கிற இடத்துக்குப் போகாமல் இஸ்திரிக் கடைக்குப் போனாள். கையில் ஒரு புது நோட்டும் செலோடேப்பும் இருந்தன. நாத்தனார் அப்போதுதான் கரியைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு கேட்டா உன்ன?"

"யாரும் கேக்கல. நாளைக்கு நீங்க விழுந்தா, இவ மாத்திரை போடலன்னு எழுதுவான். அந்த வரி ஏற்கெனவே இருக்கு. நீங்க போட்டுத்தான் விழுந்தீங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

"நான் விழணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கியா காலங்காத்தால?"

"வேண்டிக்கல. விழுந்தாத்தான் புது மாத்திரை தருவாங்களாம், அதுக்கு ஏற்பாடு பண்றேன்."

நாத்தனார் அவளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வாயில் போட்டு, தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அட்டையை நீட்டினாள்.

காலர்க்காரி அதை வாங்கவில்லை. "காலிக் குழி மட்டும் செல்லாது அண்ணி. வாயத் திறங்க."

"என்னடி?"

"நான் கண்ணால பார்க்கணும். வாயத் திறங்க."

கரி பற்றிப் புகைந்தது. அப்புறம் நாத்தனார், ஒரு பக்கம் கோணிய அந்த வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். காலர்க்காரி கிட்டத்தில் குனிந்து, நாக்குக்கு அடியிலும் இரண்டு கன்னத்து உள்பக்கமும் பார்த்தாள். அட்டையை வாங்கி, மீதி மாத்திரையைப் பிதுக்க வழி விட்டு ஓரத்தை மட்டும் முதல் பக்கத்தில் ஒட்டினாள். காலியான குழிக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினாள்.

"நாளைக்கு வர்றேன்" என்றாள்.

"வெளிச்சத்த மறைக்காத" என்றாள் நாத்தனார்.